கருணைக் கடலுக்கு ஒரு பேனர்

குற்றவாளிகளைத் துப்புத் துலக்கிப் பிடித்துக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பாராட்டியே ஒருவரைப் பிடித்துக் கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் மட்டும்தான். அதுவும் தெரியாமல் செய்தது. தெரிந்து செய்திருந்தால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது கிடைத்திருக்கும்.

அப்போது நான் காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். (பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தண்ணீர் லாரிக்குப் போன் செய்பவர் என்று பொருள்.) எங்கள் குடியிருப்புக்கு ஒரு பெருமை உண்டு. எங்களிடம் நான்கு வெளிநாட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். எதிர்க் குடியிருப்பில் நீச்சல் குளம் இருந்தது, ஜிம் இருந்தது, ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. அந்தச் சங்கத்தின் செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருக்கும்.

முதலாமவர் கிம். கொரியாக்காரர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் என்ஜினியர், லிப்டைப் பார்த்தால்கூடக் குனிந்து வணக்கம் சொல்லும் அளவுக்கு மரியாதை தெரிந்தவர். அடுத்தவர் எலெனா. ஸ்பெயினிலிருந்து வந்து ஒரு பள்ளியில் மொழி சொல்லிக் கொடுத்தார். மூன்றாமவர் சாமுவேல். நைஜீரியாவிலிருந்து இங்கே கல்லூரியில் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்குக் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டார். தமிழை மைதானத்தில் கற்றவர் என்பதால் அசல் மெட்ராஸ் தமிழ் பேசுவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் பாதி நேரம் அவர் பேசுவது புரியாது.

நான்காமவர்தான் மார்ட்டின் சார். மூன்றாவது மாடி. வெள்ளைத் தாடி, கதர்ச் சட்டை, எப்போதும் ஒரு புன்னகை. குழந்தைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருவார். சங்கத்தின் வரவுசெலவையே அவர்தான் சரிபார்த்துக் கொடுத்தார். யாராவது போட்டோ எடுக்க ஆரம்பித்தால், "கொடுங்கள், நான் எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் நில்லுங்கள்" என்று போனை வாங்கிக்கொள்வார். எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார். என்ன பண்பு, என்ன பெருந்தன்மை என்று நாங்கள் உருகினோம். என் மனைவி கலா மட்டும், "என்னங்க, அவர் முகம் ஒரு போட்டோவுலகூட இல்லையே?" என்று கேட்டாள். பொறாமைப்படாதே என்று அவளை அடக்கினேன்.

அந்த வருடம் பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று நானே முடிவெடுத்து, நானே வழிமொழிந்தேன். பொன்னாடை என்றால் பேனர் வேண்டும். பேனர் என்றால் படம் வேண்டும். அவர் பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, கீழே கார் மறைவில் நின்று ஒரு கிளிக். நாலு நாட்டுப் போலீசாரால் முடியாததை நான் ஒரு விரலால் முடித்தேன். (அப்போது அது எனக்குத் தெரியாது.)

பிளெக்ஸ் கடை பாபு படத்தை வாங்கி, பின்னால் ஒரு சூரியனையும் இரண்டு புறாக்களையும் வைத்தான். 'கடல் கடந்து வந்த கருணைக் கடலே, வருக!' என்று நான் சொல்லச் சொல்ல அடித்தான். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணாத்தே, கீழ மொட்டையா கீதே."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"தலை இல்லாம பேனரா? வாழ்த்துறவங்க மூஞ்சிங்கோ ஒரு வரிசை ஓணும் அண்ணாத்தே. இல்லாங்காட்டி ஜனம் மதிக்காது."

நியாயமாகப் பட்டது. நம் ஊரில் காதுகுத்து பேனரில்கூடக் கீழே முப்பது தலை இல்லாமல் இருக்குமா? முதல் தலையாக என்னைக் கொடுத்தேன். காதில் போனை வைத்து யாரிடமோ முக்கியமாகப் பேசுவது போல. அடுத்து, தீபாவளி விருந்தில் எடுத்த படத்திலிருந்து கிம், எலெனா, சாமுவேல் மூவரின் தலைகளையும் வெட்டிக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரருக்கு வெளிநாட்டுக்காரர்கள் வாழ்த்துச் சொன்னால் எதிர்க் குடியிருப்பு வயிறெரியும் அல்லவா? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. பேனரில் போடுவதற்கு யாரிடம் யார் கேட்டிருக்கிறார்கள்?

வலது ஓரத்தில் ஓர் இடம் காலியாக நின்றது. பாபு அதையே உற்றுப் பார்த்தான். போனில் தேடினேன். எங்கள் வளாகத்தில் நடந்த ஹெல்மெட் விழிப்புணர்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டருடன் எடுத்த படம் இருந்தது. அந்தத் தலையையும் வெட்டியாயிற்று. எல்லாத் தலைகளுக்கும் அடியில் பாபு தன் சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்தான்: 'என்றும் தங்கள் வழியில்...'

வாசலில் கட்டியதும் மார்ட்டின் சாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினேன். அவர் வெகுநேரம் அசையாமல் நின்றார். முகம் வெளிறியது, உதடு துடித்தது. "தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்" என்றார் மெல்லிய குரலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தன்னடக்கமா! அன்று மாலையே அதைவிடப் பெரிதாக இன்னொன்று அடித்து மெயின் ரோட்டுத் திருப்பத்தில் கட்டினேன். இரண்டையும் படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலும் போட்டேன்.

அந்தக் குழுவில் நாலாவது மாடி மைதிலி மேடம் இருந்தார். அவர் அதைத் தன் மகனுக்கு அனுப்பினார். மகன் இருந்தது மார்ட்டின் சாரின் சொந்த நாட்டில். அவன் உடனே போன் செய்து, "அம்மா, இந்த ஆளை இங்க டிவியில தினமும் காட்டறாங்க. முதியோர் இல்லம் கட்டறேன்னு ஊரையே ஏமாத்திட்டு ஓடிப்போன ஆளும்மா!" என்றானாம். அதன்பின் என்னென்ன நடந்ததோ தெரியாது. பொங்கலன்று காலை மஃப்டியில் நாலு பேர் வந்தார்கள். விழாவுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். மார்ட்டின் யார் என்று கேட்டதும், "கருணைக் கடல் மூணாவது மாடி சார். வாங்க, நானே காட்டறேன்" என்று லிப்டில் ஏற்றிச் சென்று, காலிங் பெல்லையும் நானே அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் முதலில் அவர்களைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பொன்னாடையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. இத்தனை நாடு தாண்டி வந்து இவனிடமா மாட்டினோம் என்ற களைப்புதான் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பும் வரும், சங்கடமாகவும் இருக்கும்.

மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகையில் எங்கள் பேனர் வந்தது. பக்கத்தில் இடம் போதாமல் வலது ஓரத்தை வெட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த நான்கு தலைகளையும் வட்டம் போட்டு, 'கூட்டாளிகளா?' என்று கேட்டிருந்தார்கள். அடியிலேயே 'என்றும் தங்கள் வழியில்' என்று பளிச்சென்று இருந்தது.

அரைமணி நேரத்தில் மூன்று வெளிநாட்டுக்காரர்களும் என் வீட்டு சோபாவில் இருந்தார்கள். கலா உப்புமா வைத்தாள். யாரும் தொடவில்லை.

எலெனா இங்கிலீஷில் படபடவென்று பொரிந்தார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் சாமுவேல் பொறுப்பாக மொழிபெயர்த்தார். "அண்ணாத்தே, அந்தாளு ஃபிராடுன்னு இந்தம்மாக்கு மொத நாளே தெரியுமாம்."

"தினமும் சாயங்காலம் அவர்கூட உக்காந்து காபி குடிச்சாங்களே?"

சாமுவேல் அதைக் கேட்டுச் சொன்னார். எலெனா இன்னும் வேகமாகப் பேசினார். "அது வேறயாம். அவரோட காபி மிசினு இந்தம்மா ஊட்ல கீதாம். யாராண்ட குடுக்கறதுன்னு கேக்குது."

கிம் எழுந்து, குனிந்து வணங்கி, அந்தப் பேனரில் தன் தலைக்குப் பதில் வேறொரு தலையை மாற்றித் தர முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். மார்ட்டின் அன்பளிப்பாகக் கொடுத்த மணிபிளான்ட் தொட்டியைக் கையோடு கொண்டுவந்து, சாட்சிப் பொருள்போல என் டீபாயின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சாமுவேல் மட்டும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாபு வழக்கம்போல எல்லா முகத்துக்கும் வெள்ளையடித்திருந்தான். "இது நான்தான்னு எனுக்கே தெர்ல. கீழ பேரு வேற போட்டுக்கீறியே, அண்ணாத்தே" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஸ்கூல்லேந்து போன் வந்திச்சி. போலீஸ் கிளியர் பண்ற வரிக்கும் வராதன்னுட்டாங்கோ. விசா வேற நீட்டிக்கணும், பேப்பர் உள்ள கீது. இத்த பாத்தா குடுப்பாங்களா சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிம்முக்குக் கம்பெனி இருக்கிறது, எலெனாவுக்குத் தூதரகம் ஓடிவரும். சாமுவேலுக்கு இந்த ஊரில் இருந்தது அந்த மைதானம் மட்டும்தான். நான்கு தலைகளில் போலீஸ் முதலில் யாரைக் கூப்பிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லி வைத்தாற்போல ஸ்டேஷனிலிருந்து அழைப்பு அவருக்குத்தான் முதலில் வந்தது.

கலா என் சட்டையை எடுத்து நீட்டினாள். "கூடப் போங்க. அந்தத் தம்பிக்கு வேலை போச்சுன்னா நீங்க திரும்பி வரவேண்டாம்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அன்றுதான் பொங்கல் பந்தோபஸ்து முடிந்து வந்திருந்தார். தூக்கம் இல்லாத சிவந்த கண்கள். மேஜை மேல் பேப்பர். மூலையில் எங்கள் மெயின் ரோட்டுப் பேனர், கழற்றிச் சுருட்டிப் பாய்போலச் சாத்தி வைத்திருந்தது.

"யோவ் செக்ரட்டரி, இந்த ஆளுக்கும் அந்த மார்ட்டினுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல சார். இவருக்கே தெரியாம நான்தான் போட்டேன்."

"சம்பந்தம் இல்லாதவன் படத்தை எதுக்குய்யா போட்ட?"

"கீழ தலை இல்லாட்டி பேனர் மொட்டையா இருக்கும் சார்."

"என்னைப் பார்த்தா உனக்குக் கிறுக்கன் மாதிரி இருக்கா? பேனர்ல சும்மா ஒருத்தன் மூஞ்சி வருமா? கூட்டாளி இல்லாம 'தங்கள் வழியில்'னு எவனாவது நிப்பானா?" என்று மேஜையைத் தட்டினார். "ஏட்டய்யா, அந்தப் பேனரைப் பிரிங்க. மொத்தம் எத்தனை பேர்னு நானே பாக்கறேன்."

ஏட்டும் இன்னொரு கான்ஸ்டபிளும் தரையில் பேனரை உருட்டிப் பிரிக்க ஆரம்பித்தார்கள். காதில் போனோடு நான் வந்தேன். கிம் வந்தார். எலெனா வந்தார். வெள்ளை வெளேரென்று சாமுவேல் வந்தார். அதற்குப் பிறகு ஏட்டு நிறுத்திவிட்டார்.

"ஏன்யா நிறுத்திட்டீங்க?"

"மிச்சத்தை... ஐயாவே பிரிச்சுப் பாத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்று ஏட்டு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார். சுருள் விரிந்தது. கடைசி வட்டத்தில் தொப்பியும் மீசையுமாக அவரே சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் பாபு பூசிய லேசான ரோஸ் பவுடர். அடியில், 'என்றும் தங்கள் வழியில்...'

சாமுவேல் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"சார், நீங்களும் நம்ம கேங்கா?"

ஏட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் பேனரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என்னை அடிப்பதா, விடுவதா என்று அவர் கணக்குப் போடுவது தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் தானே குனிந்து, தன் தலை உள்ளே போகும்படி இறுக்கிச் சுருட்டினார்.

"ஏட்டய்யா, எழுதிக்கோங்க. இந்தப் பேனர்ல இருக்கிற யாருக்கும் அந்த ஆளோட எந்தத் தொடர்பும் கிடையாது. தீர விசாரிச்சாச்சு." பிறகு என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருக்கும்! புரியுதா?" என்றார்.

அவரே சாமுவேலின் பள்ளிக்குப் போன் செய்தார். தங்கமான பையன், நான் பொறுப்பு என்றார். விசாவுக்கான கடிதமும் அன்றே கிடைத்தது. வாசலில் இருந்த முதல் பேனரை வீடு திரும்பியவுடன் கழற்றவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கலா சாமுவேலுக்கு உப்புமா சூடு பண்ணிக் கொடுத்தாள். எனக்கு ஆறியது.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் நான் எந்த விசேஷத்தில் போனைத் தூக்கினாலும் என் மகள் சத்தமாக அறிவிப்பாள்: "அப்பா போட்டோ எடுக்கறார். தலைமறைவா இருக்கிறவங்க தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே தள்ளி நின்றார். அது தனிக் கதை.

சாமுவேல் இன்னும் இங்கேதான் இருக்கிறார். போன மாதம் அவருடைய பள்ளி அணி கோப்பை ஜெயித்தது. ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாத்தே, பசங்களுக்கு ஒரு பேனர் போடணும். நீதான் பாத்துக்கணும்."

"ஐயோ, என்னை விட்டுடுப்பா!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அட, பயப்படாத. கீழ உன் தலை, என் தலை, எல்லாம் போட்டுக்கலாம்." தோளில் கைபோட்டு என் காதருகில் குனிந்தார். "அப்பால ஓரத்துல அந்த இன்ஸ்பெக்டரு தலையையும் மறக்காம போட்டுடு. இன்னா ஆவுமோ, யாரு கண்டா?"