மாமனார் வீட்டு இணைப்பு

"இந்த ஆட்டத்துல நான் தோக்கல மாப்பிள்ளை. உங்க கம்பெனிதான் தோத்துச்சு" என்றார் மாமனார் தொலைபேசியில்.

இணையத்தில் நடக்கும் சதுரங்கப் போட்டி அது, ஓய்வு பெற்றவர்களுக்கானது. ராணியை நகர்த்தப் போன நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததாம். சுற்றி முடிப்பதற்குள் கடிகாரம் முடிந்துவிட்டதாம். நல்ல வேளையாக, பழைய வெற்றிகளின் புண்ணியத்தில் இறுதி ஆட்டத்துக்குத் தேறியிருந்தார். அது வரும் ஞாயிற்றுக்கிழமை.

மாப்பிள்ளை வேலை பார்ப்பது ஓர் இணைய சேவை நிறுவனத்தில். அங்கே விற்பது ஒரே சரக்கு, 'அளவில்லாத் திட்டம்'. அந்த அளவில்லாத் திட்டத்துக்கு அளவு வைப்பதுதான் அவர் வேலை. வாடிக்கையாளர் மாத டேட்டாவைத் தாண்டினால் வேகம் தானாகக் குறைந்துவிடும். 'தங்கள் நன்மையை முன்னிட்டு' என்று தொடங்கும் குறுஞ்செய்தி ஒன்றும் போகும். அதை எழுதியவரும் அவரே. அலுவலகத்தில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். சொந்தத் தம்பி கெஞ்சியபோதும் ஒரு ஜிபி விட்டுக்கொடுக்காத மனுஷர்.

இத்தனை கண்டிப்புக்கும் மாமனாரிடம் மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், மாப்பிள்ளை ஏதோ ஒயர் கம்பெனியில் இருக்கிறார் என்றுதான் அறிமுகம் செய்வார். கல்யாணமான புதிதில் ஊழியர் சலுகையில் அந்த வீட்டுக்கு ஓர் இணைப்பு வாங்கிக் கொடுத்தார் அளவுக்காரர். அதற்கும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. மாமனார் சதுரங்கம் ஆடும் அறைக்குள் மாப்பிள்ளைக்கு இன்றுவரை அனுமதியும் இல்லை. வெளியில் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் இதெல்லாம் அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா ஜெயிச்சா உங்களைத் தலையில தூக்கி வெச்சுக்குவாரு" என்றாள் மனைவி. "தோத்தா பழி உங்க மேலதான். அப்புறம் அந்த வீட்டு வாசப்படியை நாம மிதிக்க முடியாதுங்க."

மறுநாள் அலுவலகத்தில் மாமனார் வீட்டு இணைப்பைத் திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, டேட்டா மொத்தமும் காலி. அறுபத்து நான்கு கட்டத்துக்கு இவ்வளவு தீனியா? மனுஷர் உலகம் பூராவும் ஆள் பிடித்து ஆடுகிறார் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் டேட்டா கூட்டினார். சாயங்காலத்துக்குள் அதுவும் தீர்ந்துபோனது.

வேறு வழியில்லாமல் இணைப்பை 'சோதனைக் கணக்கு' என்று மாற்றினார். சோதனைக் கணக்குக்கு அளவு கிடையாது. எட்டு வருட வேலையில் அவர் செய்த முதல் பெரிய தப்பு.

இணைப்பு அன்றைக்கே வெள்ளமாய்க் குடிக்க ஆரம்பித்தது. ஒரு தெருவுக்கு ஒரு குழாய்தான். ஒரு வீடு இப்படி உறிஞ்சினால் மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புகார்கள் குவிந்தன. புகார் செய்தவர்களின் வாயை அடைக்க அவர்களுக்கும் அளவை எடுத்துவிட்டார். மற்ற வீடுகளுக்குக் குழாய் அடியோடு அடைத்துக்கொண்டது.

இவ்வளவு பாடுபட்டு மாமனாருக்குப் போன் செய்தால், அவர் அன்றைய பயிற்சி ஆட்டத்திலும் தோற்றிருந்தார்.

"மாடியில குடியிருக்கற வீடியோ எடிட்டரு நெட் பறக்குதுன்னு குதிக்கறாரு. எனக்குத்தான் சுத்துது. நீங்க அங்க என்னதான் வேலை பாக்கறீங்க?"

அந்த எடிட்டர் போட்டிக் கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தார் அளவுக்காரர். ஆத்திரத்தில் தலைமை அலுவலகத்துக்கு ஒதுக்கிய வேகத்தில் பாதியைப் பிடுங்கி அந்தத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். அந்த நேரம் மேலாளர், முதலாளியுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம வேகத்தை அடிச்சுக்க ஆளே இல்லை சார்" என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயோடு திரையில் அப்படியே உறைந்துபோனார். முதலாளி வெகுநேரம் அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

மேலாளர் ஒன்றும் முட்டாள் இல்லை. துருவிப் பார்த்ததில் சோதனைக் கணக்கு அகப்பட்டது. அது யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

"இதை உடனே வெட்டுங்க. பண்ணது யாருன்னு திங்கக்கிழமை எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று அளவுக்காரரிடமே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அளவுக்காரர் வெட்டவில்லை. வேலையா மாமனாரா என்று இரண்டு நாள் யோசித்தார். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், மாமனார் ஒருவர்தானே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரத்தில், மாமனார் வீட்டை மட்டும் விட்டுவிட்டு அந்தத் தெருவின் மற்ற இணைப்புகள் அத்தனையையும் துண்டித்தார். 'தங்கள் நன்மையை முன்னிட்டுப் பராமரிப்புப் பணி' என்று குறுஞ்செய்தியும் அனுப்பினார். அதே தெருவின் கோடியில்தான் மேலாளர் வீடு என்பது, அவருடைய போன் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேலாளர் கத்தவில்லை. நாளைக்கு வரும்போது அடையாள அட்டையைக் கையோடு கொண்டு வரச் சொன்னார்.

வைத்த கையோடு மறுபடி போன் அடித்தது.

"ஜெயிச்சுட்டேன் மாப்பிள்ளை. ஒரு தடவைகூட சுத்தல. கிளம்பி வாங்க."

அளவுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

மாமனார் வீட்டில் ஒரே கூட்டம். நெட் இல்லாமல் பொழுது போகாத அக்கம்பக்கத்தார் எல்லோரும் அங்கே வந்திருந்தார்கள். மாமனார் அவர்கள் நடுவில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, "நம்ம மாப்பிள்ளை. பெரிய இன்டர்நெட் கம்பெனியே இவர் கையிலதான் இருக்கு" என்றார். மாடி எடிட்டர் எதற்கென்று தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டினார். வேலை போனால் போகட்டும் என்று அளவுக்காரருக்கு அந்த நிமிடம் மனதாரத் தோன்றியது.

அதோடு நிற்கவில்லை. முதன்முறையாகச் சதுரங்க அறைக்குள்ளும் அவரை அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மாமனார் மற்றவர்களைக் கவனிக்கப் போனார். அளவுக்காரர் நெகிழ்ந்துபோய், தான் போட்டுக் கொடுத்த இணைப்பின் நீல நிற மோடம் பெட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று தேடினார். அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் வேறு ஏதோ ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

காபியோடு உள்ளே வந்தார் மாமியார்.

"அத்தை, நம்ம நீலப் பெட்டி எங்க?"

மாமியார் கதவை மெல்லச் சாத்தினார்.

"அவர்கிட்ட கேட்டுடாதீங்க மாப்பிள்ளை. அதை நீங்க கொடுத்த அன்னைக்கே மாடி வீட்டு எடிட்டருக்குக் கொடுத்துட்டாரு. நாங்க வெச்சிருக்கறது போட்டிக் கம்பெனி நெட்டு, தோத்தா மட்டும்தான் அவருக்கு அது உங்க கம்பெனி நெட்டு."