மேடேறாத லாரி பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகன் முனியராஜுக்கு,

எம். புதுப்பட்டியிலிருந்து மாமன் இருளாண்டி எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அத்தை குருவம்மாள் நலம், நீ கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் அனுப்பிரியா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் என்னோடு லாரிப் பந்தயம் ஆடுவாள். மற்ற நாளில் "சாப்பிட்டீகளாப்பா?" என்று கேட்டதோடு போனை வைத்துவிடுகிற பிள்ளை, இந்த விளையாட்டில்தான் வாய் ஓயாமல் பேசுகிறாள். இப்போது என் லாரி முதல் மேட்டிலேயே விக்கி விக்கி நின்றுவிடுகிறது. "சரிப்பா, பெறகு பாப்போம்" என்று அவள் போய்விடுகிறாள். எனக்கு அழுகையே வருகிறது, மருமகனே. சும்மா இருந்தேனா? படத்தின் தரத்தைக் குறைத்தால் வேகம் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், குறைத்தேன். மரம் போனது, நிழல் போனது, கடைசியில் ரோடும் போய் லாரி அந்தரத்தில் நின்றது. அங்கேயும் நகரவில்லை. பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் அத்தனை வருஷம் போர்மேனாக இருந்தவனுக்குச் சூட்டைத் தணிக்கவா தெரியாது? வெயில் காலத்தில் கம்பெனி அறை வாசலில் தொங்கவிடுவோமே, அதேபோல ஈரச் சாக்கைப் பிழிந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். சூடு இன்னும் ஏறியது. இன்னொரு சாக்கும் போட்டேன். அதற்கும் அடங்கவில்லை. ஆகவே இது உதவாத பெட்டி. வேறு நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பு.

நீயும் உன் வீட்டுக்காரி செல்வலட்சுமியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாரியாத்தாள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
மாமன் இருளாண்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அத்தை உள்ளே வந்தாள். "மூஞ்சிய மூடுனா மனுசனுக்கே மூச்சு முட்டும், இது எங்கிட்டுக் காத்து வாங்கும்? கரண்டுப் பெட்டி மேல ஈரச் சாக்கு வேற! போர்மேனாம் போர்மேன்" என்று இரண்டையும் உருவி எறிந்துவிட்டு, பின்னால் அடைத்திருந்த தூசியையும் துடைத்தாள். லாரி பறக்கிறது! அனுவோடு ஆடினேன். மேட்டைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு வளைவில் திருப்பத் தெரியாது. போன இடமெல்லாம் குப்புறக் கவிழ்ந்தேன். அவள் சிரித்துச் சிரித்து, "இருங்கப்பா, அடுத்த வாரம் நானே நேர்ல வந்து ஓட்டப் பழக்கிவிடுறேன்" என்று டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அதனால் வேறு பெட்டி வேண்டாம். அவள் வரும்வரை நான் இந்தப் பெட்டிப் பக்கமே போகப் போவதில்லை. தப்பித் தவறி ஓட்டப் பழகிவிட்டால் என்ன செய்வது?