பிரேக் குழாய் பார்த்த கதை

நண்பன் வெய்க்கோவை எய்னோ கடைசியாக உயிரோடு பார்த்தது அவனுடைய பிக்கப் வண்டிக்கு அடியில். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "பிரேக் குழாய்ல கொஞ்சம் துரு. இந்தக் குளிர்காலம் தாங்கும்" என்றான். தாங்கவில்லை. பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு தின்ற குழாய், ஏரிக்கு இறங்கும் மேட்டில் வெடித்தது.

அது போன வருஷம். இப்போது எய்னோவின் முறை. உறைந்த ஏரியின் பனியில் துளைபோடும் கருவி, தூண்டில் எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. "முதல்ல பிரேக் குழாயைப் பாரு, அப்புறம் மீன் பிடிக்கப் போ" என்று மனைவி லெம்பி சொல்லிவிட்டாள்.

பார்த்தால் துரு இருக்கும். துரு இருந்தால் வண்டி பட்டறைக்குப் போகும். மீன் போச்சு. பார்க்காவிட்டால் உயிரே போகலாம். எய்னோ தீர யோசித்து, அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஸ்பேனரால் எதையோ தட்டினான். எழுந்து வந்தான்.

"பாத்தியா?" என்றாள் மனைவி.

"பாத்தேன். குழாய்ல லேசா துரு. பயப்பட ஒண்ணுமில்ல."

"சக்கரத்துக்கிட்ட ரப்பர் குழாய்?"

"மயிரிழை வெடிப்பு. இந்தக் குளிர்காலம் தாங்கும்."

சொன்னதும் வண்டிச் சாவியைப் பைக்குள் தள்ளினான்.

"அப்ப வண்டிய எடு. ஹில்மாவைப் பாத்துட்டு வரலாம்."

ஹில்மா வெய்க்கோவின் மனைவி. வீடு மேட்டுக்குக் கீழே.

"நடந்து போலாமே. உடம்புக்கு நல்லது."

"தபால் பெட்டிக்கே வண்டியில போற ஆளு. ஏறு."

மேட்டின் உச்சி. கீழே ஏரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. எய்னோ வண்டியை நிறுத்திவிட்டான்.

"லெம்பி, நான் பாக்கல."

"எதை?"

"எதையும். கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்."

"தெரியும். இப்ப எறங்கிப் பாரு."

பனியில் அட்டையைப் போட்டுப் படுத்துப் பார்த்தான். குழாய்கள் முகம் பார்க்கலாம் போல மின்னின. ரப்பரில் தூசிகூட இல்லை.

"பல்லைப் பிடுங்கிட்டு நாள் முழுக்கத் தூங்கினியே, அன்னைக்கே வண்டிய பட்டறைக்கு ஓட்டிட்டுப் போய் எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "புதுக் குழாய்ல துருவும் வெடிப்பும் பாத்தவன் நீ ஒருத்தன்தான். தள்ளிப் படு, ஏத்திடப் போறேன்."

வெளியே உருண்டான். ஓட்டுநர் இருக்கையில் லெம்பி.

"எங்க போற?"

"நானும் ஹில்மாவும் மீன் பிடிக்க."

"அப்ப நான்?"

"உன்னை நம்பி ஏரியில நிக்க முடியுமா? பனி கெட்டியான்னும் கண்ணை மூடிட்டுத்தான பாப்ப."

வண்டி இறங்கியது. வளைவில் பிரேக் விளக்கு சிவந்தது. வண்டி அடக்கமாக வேகம் குறைத்துத் திரும்பியது. எய்னோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேட்டில் அவனும் அட்டையும் மிச்சம்.