தலைவர் அறையின் குளிர்

ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்பி அமுக்கினாலும் ஏசி நிற்கவில்லை. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

நிலக்கடலை போடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒலக்கூர் மல்லாட்டை உழவர் கம்பெனியின் தலைவர் சீனுவாசன் ரிமோட்டை மேசையில் தட்டிப் பார்த்தார். கம்பெனியின் புது ஆபீஸ், ஏசியே தேவைப்படாத கட்டடம் என்று பேர் வாங்கியது. விழுப்புரத்து இன்ஜினியர் சகாய பிரியா, வெயிலும் காற்றும் எப்போது எந்தப் பக்கம் வருகின்றன என்று ஒரு வருடம் குறித்துவைத்து வரைந்தது. இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், மண்ணுக்கடியில் ஓடிக் குளிர்ந்து வரும் காற்றுக்குழாய், அனலை மேலே இழுத்துத் தள்ளும் கூண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கத்திரி வெயிலுக்குப் பயந்து, போன ஞாயிற்றுக்கிழமை தன் அறைக்கு மட்டும் கமுக்கமாக ஒரு ஏசி மாட்டச் சொல்லிவிட்டார் சீனுவாசன். மறைக்க முன்னால் ஒரு மரச்சட்டம். நாலு நாளாக மத்தியானத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்.

இன்றைக்குப் பார்த்து, இதேபோல் ஆபீஸ் கட்ட நினைக்கும் கண்டாச்சிபுரத்து விவசாயிகளை பிரியா அழைத்து வந்திருக்கிறாள்.

ஏசியை மாட்டிய மெக்கானிக் ரஞ்சித்துக்குப் போன் போட்டார். "ஜல்தி வாப்பா. ஏசி நிக்க மாட்டேங்குது."

"சார், அந்த ஏசி விசயமா நானே உங்களாண்ட..."

"நேர்ல பேசிக்கலாம், வா."

வைத்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கினார். ஏசி நின்றது. கூடவே மொத்த ஆபீஸிலும் ஃபேன் நின்றது.

"ஃபேன் இல்லாமலே இப்படி இருக்குதே," என்று வியந்துகொண்டே வந்தார் அந்தக் குழுவின் தலைவி தையல்நாயகி.

அவர்களைத் தன் அறைப் பக்கம் விடாமல் திருப்பப் பார்த்தார் சீனுவாசன். "அது சும்மா பழைய பேப்பர் போடுற ரூமுங்க."

"தலைவர்னு போர்டு இருக்குதே," என்று கதவைத் தள்ளினார் தையல்நாயகி. உள்ளே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "இன்னாம்மா இது, இவ்ளோ ஜில்லுன்னு. எங்களுக்கு மொத்தக் கட்டடத்தையும் இந்த ரூம் மாதிரியே வரைஞ்சி குடுத்துடு. இன்னிக்கே தீர்மானம் போட்டுடறோம்."

"வடகிழக்கு மூலைங்க. மத்தியான வெயில் படவே படாது," என்றாள் பிரியா. அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

சீனுவாசனால் தாங்க முடியவில்லை. தன் பொய்யை நம்பி இன்னொரு ஊர் கட்டடம் கட்டப்போகிறது. மரச்சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. இந்தக் குளிரு உன்னுது இல்ல. ஏசியுது."

பிரியா அந்த ஏசியைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாங்களே ஐயா," என்றாள். தையல்நாயகி தீர்மானம் எழுத எடுத்த நோட்டை மூடினார்.

அப்போது மூச்சிரைக்க வந்து நின்றான் ரஞ்சித்.

"அதத்தான் சார் போன்ல சொல்ல வந்தேன். வெளிய மாட்டுற பெட்டி இன்னும் திண்டிவனத்துல கடையிலயே கெடக்குது. அது வர்ற வரைக்கும் இது குளிராது சார், வெறும் காத்தத்தான் ஊதிக்கினு இருக்கும்."