பெருமூச்சு அதிகாரி

பெருமூச்சு விடுவதில் தைப்பிங் வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைக்க வேண்டாம். பெருமை இருக்கிறவன் சொல்லிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

மாலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பேன். உடனே உள்ளே போய்விட மாட்டேன். சுவரில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். அப்புறம் விடுவேன் பாருங்கள் ஒன்று! எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி ஆடும். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுட்டு வர்றீங்க" என்று கோகிலா கோப்பியோடு வருவாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். அதிகமாகக் களைத்தவர் உட்காரலாம். மற்றவர் பாத்திரம் கழுவலாம். கோகிலாவும் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டுத்தான் வருகிறாள். ஆனால் பாவம், அவளுக்குப் பெருமூச்சு விடத் தெரியாது. அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து உட்கார்ந்திருப்பவன் நான்.

இப்போது உங்களிடம் மட்டும் ஓர் உண்மை. என் வேலை சொர்க்கம். எங்கள் முதலாளி, அதாவது தவுக்கே, தியோவின் பிஸ்கட் ஆலையில் நான் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. குளிர்சாதன அறை. சக்கரம் வைத்த நாற்காலி. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பிஸ்கட் என் மேசைக்கு வரும். கடிப்பேன். கண்ணை மூடுவேன். ஆலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் தலையாட்டினால் லாரி கிளம்பும். ஆட்டாவிட்டால் லாரி அங்கேயே நிற்கும். ஒருமுறை தேங்காய் பிஸ்கட்டில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்ததைக் கண்டுபிடித்தேன். தவுக்கே எழுந்து வந்து கை குலுக்கினார். சம்பளம் கொஞ்சம் ஒல்லிதான். ஆனால் சம்பளமே இல்லாவிட்டாலும் நான் போவேன். இதை தவுக்கேயிடம் சொல்லிவிடாதீர்கள்.

வேலை ஐந்து மணிக்கே முடிந்துவிடும். ஐந்திலிருந்து ஏழு வரை ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் காவல்காரர் மாரிமுத்து அண்ணனோடு கேரம். மணி அடித்ததும் ஓடிப் போய் இடம் பிடிக்கிறேன் அல்லவா? அதனால் 'ஓடி' என்பதும் பொய்யில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வெள்ளிக்கிழமை வரை.

எங்கள் யாழினிக்கு நாலு வயது, கவினுக்கு இரண்டு. பகலில் இருவரும் ரோஸ்னா அக்காவின் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பார்கள். காப்பகம் ஆலைக்குப் பின்தெரு. காலையில் காடியில், அதாவது என் காரில், கொண்டுபோய் விடுவது நான். மாலையில் கோகிலா பஸ் பிடித்து வந்து கூட்டிப் போவாள்.

"ஏங்க, ரோஸ்னா அக்கா காசை ஏத்துறாங்களாம். பிள்ளைக்கு நூறு வெள்ளி. அஞ்சரைக்கு மேல இருந்தா அதுக்குத் தனியா வேற."

எனக்குக் கடன்கள் அதிகம். வீட்டுக்கடன், காடிக்கடன், அந்தக் காடிக்கு டயர் மாற்றிய கடன். பாக்கி வைக்காமல் தீர்ப்பது காலைக்கடன் ஒன்றைத்தான். இதில் இது வேறு. பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பகம் பின்தெருவில், நான் ஆலையில். 'அஞ்சரைக்குள்ள நீங்களே கூட்டிட்டு வாங்க' என்பாள். முந்திக்கொண்டேன். என் வாழ்நாளிலேயே பெரிய பெருமூச்சாக ஒன்றை எடுத்து விட்டேன்.

"இந்த வேலை என்னை உறிஞ்சி எடுக்குது கோகிலா. விட்டுத் தொலைச்சிரலாம் போல இருக்கு."

வழக்கமாக இந்த இடத்தில் கோப்பி வர வேண்டும். அன்று கோகிலா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"விட்டுருங்க."

"எதை?"

"வேலையத்தான். எனக்கு ஆஸ்பத்திரியில பொறுப்பாளர் வேலை தர்றேன்றாங்க. சம்பளம் கூட. நீங்க வீட்டுல இருந்து பிள்ளைங்களப் பாத்துக்கிட்டா, ரோஸ்னா அக்காவுக்குக் குடுக்கற காசு மிச்சம். உங்க சம்பளத்துல பாதி அதுலயே வந்துரும். மிச்சத்தை என் சம்பளம் பாத்துக்கும். கடன் கிடக்குது, உங்க உடம்புதாங்க முக்கியம்."

"ஆம்பளை வீட்டுல உக்காந்தா ஊரு என்ன சொல்லும்?"

"இப்பவும் உக்காந்துதானே இருக்கீங்க?"

"பேங்க்காரன் சும்மா இருப்பானா?"

"அவனுக்கு மாசாமாசம் காசு வந்தா போதும். புருஷன் காசா பொண்டாட்டி காசான்னு மோந்து பாக்கமாட்டான்."

சனிக்கிழமை முழுக்க நான் வேலையைப் புகழ்ந்தேன்.

"அவ்வளவு மோசம்னும் சொல்லமுடியாது கோகிலா. குளுகுளுன்னு ஏசி இருக்கு."

"அந்த ஏசியாலதான் முட்டி வலிக்குதுன்னு அழுதீங்க."

"தவுக்கே தங்கமான மனுஷன்."

"ரத்தத்தை உறிஞ்சறான்னு சொன்னீங்க."

"பிஸ்கட் நல்லா இருக்கும்லா!"

"பிஸ்கட்டைப் பாத்தாலே வாந்தி வருதுன்னு சொன்னீங்க. எனக்காகத்தானே இப்படி மறைச்சு மறைச்சுப் பேசறீங்க? பாவங்க நீங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் கண்ணீர் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. என் கண்ணில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை "இப்பவே பழகிக்குங்க" என்று பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனாள். யாழினி என் ஆலைச் சட்டையில் ஒரு மயில் வரைந்தாள். கவின் அந்த மயிலுக்குக் கஞ்சி ஊட்டினான். நான் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைக் கடித்து, கண்ணை மூடித் தலையாட்டுவதை நினைத்துப் பார்த்தேன். பெருமூச்சு வந்தது. இந்த முறை நிஜமாகவே.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டதும் பஸ்ஸுக்குப் போக வேண்டிய கோகிலா காடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பு. தலை நிறையப் பூ.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க தவுக்கேயப் பாக்க. என் வீட்டுக்காரரை இப்படிச் சக்கையாப் பிழியறீங்களேன்னு ஒரு வார்த்தை கேக்கவேணாமா? கேட்டுட்டு, 'இன்னையோட நின்னுக்கறார்'னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஆலை வாசலில் காடி நின்றது. அவள் கதவில் கை வைத்தாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன்.

"வேணாம் கோகிலா! எனக்கு இந்த வேலைன்னா உயிரு. அந்த நாற்காலி, அந்த வாசம், நான் தலையாட்டினாத்தான் லாரி போகும். இதை மட்டும் என்கிட்டருந்து பிடுங்கிடாத."

"அப்ப ஓ.டி.?"

"கேரம்."

"முட்டி வலி?"

"சம்மணம் போட்டு கேரம் ஆடினதால."

கோகிலா கதவிலிருந்து கையை எடுத்தாள். முகத்தில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை குளிக்கறப்ப உங்க சத்தமே வராது. திங்கக்கிழமை ஆனா பாட்டாப் பாடுறீங்க. வேலை பிடிக்காதவன் எவன்ங்க திங்கக்கிழமை காலையில பாடுவான்?"

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் கோப்பி போட்டுக் குடுத்த?"

"வேலையில சந்தோஷமா இருக்கற மனுஷன் வீட்டுல வந்து சண்டை போடமாட்டான். அதுக்குக் கோப்பி மலிவு." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் என் வேலைன்னா உயிருங்க. நான் அதை வாசல்ல நின்னு விளம்பரம் பண்ணல. பொறுப்பாளர் ஆயிட்டா நான் வர ஏழரை ஆகும். அஞ்சு மணிக்குப் பிள்ளைங்களுக்கு ஒரு ஆள் வேணும். நீங்கதான். வெள்ளிக்கிழமையே சரின்னு சொல்லிட்டேன் அவங்ககிட்ட."

"நான் ஒத்துக்கறதுக்கு முன்னாடியேவா?"

"நீங்க எங்கங்க போகப்போறீங்க?"

இறங்கி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பூவும் நல்ல உடுப்பும் தவுக்கேயைப் பார்க்க இல்லை; பொறுப்பேற்கும் முதல் நாளுக்கு. அவள் நடந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள், எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. மாரிமுத்து அண்ணனிடம் சொன்னேன். தவுக்கேயிடம் சொன்னேன். தட்டு கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் "என் சம்சாரம் இன்னையிலருந்து பொறுப்பாளர்" என்று சொன்னேன். அன்று வந்த எல்லா பிஸ்கட்டும் நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை என்னுடையது. நாற்காலி என்னுடையது. அஞ்சரைக்கு மேல் கொடுக்கும் தண்டக் காசு இல்லை. வீட்டுக்குச் சம்பளம் கூடுகிறது. போனது வெறும் கேரம். யோசித்துப் பார்த்தால் ஜெயித்தவன் நான்தான்! மீசையைத் தடவிக்கொண்டு ரோஸ்னா அக்கா காப்பகத்தின் மணியை அடித்தேன்.

"யாழினியையும் கவினையும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"கூட்டிட்டா? எங்க போறீங்க தம்பி?" ரோஸ்னா அக்கா என் கையில் ஓர் ஏப்ரனைத் திணித்தார். அவருக்குப் பின்னால் ஏழு பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ஏழு மணி வரைக்கும் இவங்க எல்லாரையும் நீங்க பாத்துக்குவீங்கன்னு கோகிலா சொல்லித்தானே உங்க ரெண்டு பிள்ளைக்கும் காசைப் பாதியாக் குறைச்சேன்!"