டொக்டரம்மா 'வெளிக்கிடுங்கோ' என்ற நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும், நடந்ததிலும் பாதி மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதுளையில் அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் அடுப்படியில் தனியாக நின்று சிரிக்கிறேன்.

என் சின்ன மகள் கனகாவுக்கு ஓட்டிசம். அப்போது ஏழு வயது, பேச்சு அதிகம் கிடையாது. வயிறு கல்லாகும் வரை அடக்கிக்கொள்வாள். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளின் கடைசியில் இருந்த இருட்டுக் கக்கூசைக் கண்டாலே அலறுவாள். (எனக்கும் அதைக் கண்டால் கொஞ்சம் பயம்தான்.) பள்ளிக்கூடத்திலோ, "வெளியிடத்துலயும் போகப் பழகட்டும், அப்புறம் சேத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் வயிறு இளகக் குடிக்கிற பாணி மருந்து கொடுத்து, வழியும் சொன்னார். சாப்பிட்டதும் வாளியில் உட்கார வைக்க வேண்டும். கால் தொங்காமல் பலகை போட வேண்டும். திட்டவே கூடாது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அந்தச் சொல் 'வெளிக்கி'. மலம் கழிக்கப் போவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். சிவப்பு வாளியை வைத்து, "கனகா, வெளிக்கி" என்போம். போகப் போக, சொல் காதில் விழுந்ததுமே தானாகப் போய் உட்கார்ந்தாள். ஆனால் வீட்டில் மட்டும். வெளியே போனால் பழையபடி அடக்கல்தான்.

அடுத்த தடவை போனபோது டொக்டரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மேசைக்கு வந்து மருந்தும் எழுதிவிட்டு, "சரி அம்மா, இனி வெளிக்கிடுங்கோ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானுங்களா?"

"ஓம், ரெண்டு பேரும்தான். வெளியில சனம் நிக்குது, கெதியா வெளிக்கிடுங்கோ."

டொக்டர் சொல்லி முடியாது என்பதா? முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, "எனக்கு இப்ப வரலைங்க. காலையிலயே போயிட்டுத்தான் பஸ் ஏறுனேன்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "எங்க போனனீங்கள்?"

"லயத்துக் கக்கூசுக்குங்க."

அதற்குள் திரைக்குப் பின்னால் சத்தம். கனகா எங்களைப் போல வாதாடவில்லை. மூலையில் இருந்த சிவப்புக் குப்பை வாளியை இழுத்து, கட்டிலில் ஏறும் படியைக் காலுக்குப் போட்டு, உட்கார்ந்து, வேலையையும் முடித்திருந்தாள்.

"ஐயோ டொக்டர், நீங்கதானே வெளிக்கி போகச் சொன்னீங்க. நானே கழுவித் தந்துடுறேங்க" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெளிக்கிடுங்கோ என்றால் அவர்கள் ஊரில் புறப்படுங்கள் என்று அர்த்தமாம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, பிள்ளை வீட்டுக்கு வெளியில போயிட்டாள். விளங்குதோ?" என்றார்.

அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, பரிசு விழுந்தவர்கள் மாதிரி நின்றோம். வெளியில் சனம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

வாளியிலிருந்து கக்கூசுக்கு மாற இன்னும் நாளானது. ஆனாலும் என் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். இப்போது பெரியவளாகிவிட்டாள். நாங்கள் எங்கே புறப்பட்டாலும் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன, வெளிக்கிடுவமா?" என்பார். எல்லாரும் சிரிப்போம். கனகாவும் சிரித்துவிட்டு, செருப்பு மாட்டும் முன் கக்கூசுக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வருவாள்.

யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது வாசித்தால், அந்தச் சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாளி நீலம் என்று என் வீட்டுக்காரர் சாதிக்கிறார். அதையும் யாராவது விசாரித்தால் நல்லது. அவர் அன்று வரவே இல்லை.