கடலுக்குள் இறங்க மறுத்த உபயம்

கோப்பாய் தெற்கு,
25.04.1983

மதிப்புக்குரிய அத்தான் அவர்கட்கு,

நீங்களும் வீட்டாரும் கொழும்பில் நோய் நொடியில்லாமல் இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பானாக. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

இக்கடிதம் கிடைத்ததும், சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழும்பி, தபாற்கந்தோருக்குப் போய், உங்கள் தங்கையும் என் மனைவியுமான குணலட்சுமியின் பெயருக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும். வாசகம் இதுதான்: ‘என் பெயரைக் கடலில் இறக்கப் பூரண சம்மதம். சீவரத்தினம்.’ தந்தி எடுப்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். சனிக்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால் குருநகர்ச் சனங்களின் முகத்தில் நான் இனி விழிக்க முடியாது.

பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் குருநகரில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் பழகிய சிமியோன் என்று ஒரு சுழியோடி. கடலடிக்கு மூழ்கிக் கடலட்டை எடுக்கிறவர். இழுவைப் படகுகள் கடலின் அடியை வாரிக்கொண்டு போனதில் கரையோரத்துப் பார் என்கிற கடலடிப் பாறையெல்லாம் தேய்ந்து, மீனுக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் சின்ன வள்ளக்காரர் கண்காணாத தூரம் போக வேண்டியிருக்கிறது என்று அவர் வந்து சொன்னார். போன மாதம் ஒரு நாள் அவரே சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை, அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி செபஸ்தியம்மா கரையை விட்டு அசையாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாவாம். அதனால் கோயிற்பற்றுச் சனமெல்லாம் சேர்ந்து, சம்பளம் கிம்பளம் இல்லாமல், பொந்து வைத்த கொங்கிறீற் வளையங்களை வார்த்துக் கடலில் இறக்கி, மீனுக்குப் புதுப் பார் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். குருநகர்த் தண்ணீர் உவர். உவர்த் தண்ணீரில் குழைத்தால் உள்ளே வைக்கிற கம்பி கறள் பிடித்துவிடும். எங்கள் கிணறோ நல்ல தண்ணீர்க் கிணறு. அங்கே தண்ணீர் கொண்டு போவதிலும் பார்க்க இங்கே வார்ப்பதே சுகம் என்று நான்தான் சொன்னேன். தண்ணீரிலும் பார்க்கக் கொங்கிறீற் பாரம் என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அன்று தொடங்கியது. முற்றம் முழுக்கச் சல்லியும் மணலும் இரும்பு அச்சும். முட்டை கூட ஏறாத எங்கள் வீட்டில் காலை தொடங்கிப் பின்னேரம் வரை ஒரே மீன் கதை. விளைமீன் எந்தப் பொந்தை விரும்பும், கலவாய் எந்தப் பொந்தில் குடியிருக்கும் என்று அவர்கள் கதைக்க, உங்கள் தங்கை காதைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தா. நாலாம் நாள் பார்த்தால் செபஸ்தியம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, “அப்ப ஒட்டி மீன் எங்கை படுக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறா. அடுத்த வீட்டுக் கோழி ஈரச் சீமெந்தில் நடந்ததில் எல்லா வளையத்திலும் அதன் கால் அடையாளம். தேவாரம் பாடும் நேரத்தில் மாதா பாட்டு. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அத்தான், பென்சன் எடுத்த பிறகு இப்படிச் சந்தோஷமான நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

கெட்டது எல்லாம் அடுத்த வீட்டு நமசிவாயத்தால். அவருக்கு ஈரச் சீமெந்தைக் கண்டால் கை சும்மா இராது. ஒரு பை சீமெந்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஆணியை எடுத்து, தன் தகப்பனார் பெயரில் ‘உபயம்: அமரர் சின்னட்டியார் ஞாபகார்த்தம்’ என்று ஒரு வளையத்தில் எழுதினார். “கடலுக்கடியிலை ஆர் வாசிக்கிறது? மீனோ?” என்று கேட்டேன். “ஆரும் வாசிக்காட்டிலும் எழுத வேண்டியதை எழுதத்தான் வேணும், மாஸ்டர்” என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கிற சனம் முழுக்கச் சீமெந்தும் கையுமாக வந்துவிட்டது. கோயில் மணி, மடத்துக் கதிரை, ரியூப் லைற், இவையெல்லாவற்றிலும் பெயர் எழுதிப் பழகிய சனம் வளையத்தை விடுமா? செத்தவர், இருப்பவர், லண்டன் போனவர் எல்லாருடைய பெயரும் ஏறியது. உங்கள் தங்கை எல்லாவற்றிலும் பெரிய வளையத்தைப் பிடித்து, ‘உபயம்: திரு. சீவரத்தினம், பிரதம கணக்காளர், கொழும்பு’ என்று எழுதினா. எழுத்து நமசிவாயத்தின் தகப்பனாருடைய எழுத்திலும் பார்க்க இரண்டு மடங்கு. அதை அவர் நின்று பார்த்தார். பார்த்த பார்வையே சரியில்லை.

வளையங்கள் இறுகி, போன சனிக்கிழமை உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நிற்கிறது. நமசிவாயம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “பிள்ளை குணம், அமரராகின ஆக்களின்ரை பேரெண்டால் பறவாயில்லை. உயிரோடை இருக்கிற உன்ரை அண்ணரைக் கடலிலை கொண்டுபோய் இறக்கப் போறியோ? கீரிமலைக் கடலிலை நாங்கள் ஆற்றை சாம்பலைக் கரைக்கிறனாங்கள் எண்டு தெரியுந்தானே?” என்றார்.

குணம் போய் வளையத்தின் மேல் ஏறி இருந்துவிட்டா. இருந்தவதான், அத்தான். இன்றைக்கும் அதில் இருந்துதான் கீரை ஆய்கிறா. அவவைப் பார்த்து, உயிரோடிருப்பவர் பெயர் எழுதிய மற்ற எல்லாரும் தங்கள் தங்கள் வளையத்தை மறித்துவிட்டார்கள். நான் முற்றத்தின் நடுவில் நின்று ஒரு பாடமே எடுத்தேன். “இஞ்சேரும், பேர் எண்டது எழுத்து. எழுத்து தண்ணிக்குள்ளை போனால் ஆளும் போவாரோ?” என்று கேட்டேன். பெயரைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து வைப்போம் என்றேன். “அண்ணையைக் குப்புறப் போடவோ?” என்றா. சாந்து பூசி மறைப்போம் என்றேன். “உயிரோடை பூசி மூடவோ?” என்று அழத் தொடங்கிவிட்டா. படித்த குடும்பத்துப் பெண் இப்படி மூடநம்பிக்கையில் கிடந்து உழல்வதைக் காண எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அவவைக் கண்டித்தும் நாலு வரி தனியாக எழுத வேண்டும்.

செபஸ்தியம்மா நேற்று வந்தா. சண்டை பிடிக்கவில்லை. குணத்துக்குப் பக்கத்தில் அதே வளையத்தில் இருந்துகொண்டு, “அக்கா, சோளகக் காத்து எழும்பினால் கடல் கலங்கிப் போகும், இவர் அடியிலை இறங்கி ஒண்டும் வைக்கேலாது. பிறகு வாற வருசந்தான். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். இவர் என்ரை கண்ணுக்கு எட்டின தூரத்திலை நிண்டு தொழில் செய்ய வேணும். அவ்வளவுதான்” என்றா. குணம் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு விளங்குது, செபஸ்தி. ஆனால் எனக்கும் ஒரு அண்ணைதானே” என்றா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். வளையங்களை ஏற்ற இரண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்குப் பிறகு வள்ளக்காரரும் நிற்கமாட்டார்கள், காற்றும் நிற்காது. எனக்குப் பகலில் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே தந்தி, அத்தான், தந்தி. உங்களுக்கு நீண்ட ஆயுளும் உங்கள் தங்கைக்குக் கொஞ்சம் விஞ்ஞான அறிவும் தரும்படி ஆண்டவனை வேண்டி முடிக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சோமசேகரம்

பி.கு.: மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கவில்லை. முத்திரை வாங்கவென்று அன்றைக்கே சந்திக் கடைக்குப் போனேன், அங்கே நின்றவர்களுக்கும் பெயர், எழுத்து, தண்ணீர் பற்றி விளக்கம் சொல்லிவிட்டுப் பொழுதுபடத் திரும்பி வர, முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது. தந்தி வேண்டாம், அத்தான். செபஸ்தியம்மா உளியோடு வந்திருக்கிறா. இரண்டு பேருமாக உங்கள் பெயர் இருந்த முகத்தை அப்படியே பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் புதுச் சாந்து பூசி, வேறு பெயர் எழுதி அனுப்பிவிட்டார்கள். உங்கள் பெயர் துண்டு துண்டாகச் சாமியறையில் விளக்கடியில் பத்திரமாக இருக்கிறது. பிரதம கணக்காளரில் ‘கண’ மட்டும் காணவில்லை. எழுதிய பெயர் என்னுடையது. “இஞ்சருங்கோ, நீங்கள்தானே சொன்னனீங்கள், பேர் தண்ணிக்குள்ளை போனால் ஆளுக்கு ஒண்டும் நடக்காது எண்டு” என்று கேட்கிறா. அவவைப் பார்த்து ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் அண்ணன் தம்பிமாரை எடுத்துவிட்டுப் புருஷன்மாரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நமசிவாயமும் அவருடைய மனைவி எழுதின வளையத்தில் ஏறிப் போய்விட்டார்.

இன்று சிமியோன் வந்தார். எல்லாம் இறக்கியாயிற்றாம். என் வளையத்தில்தான் முதல் கலவாய் குடிவந்திருக்கிறதாம். செபஸ்தியம்மா கரையில் நின்று அவர் சுழியோடியதை முழுக்கப் பார்த்தாவாம். அதைக் கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் முந்தநாள் தொடங்கி எனக்கு ஒரு வறட்டு இருமல். வேலிக்கு அந்தப் பக்கம் நமசிவாயமும் இருமுகிறார். விஞ்ஞானத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, அத்தான். இருந்தாலும் கொழும்பில் உங்களுக்குத் தெரிந்த நல்ல சாத்திரியார் யாராவது இருந்தால், என் சாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், குணத்துக்குத் தெரியாமல் ஒருக்கால் காட்டிப் பார்க்கவும்.